நோ-கோட் ஆப்பின் டேட்டாவில் ஏஐ ஏஜெண்டை இணைப்பது: ஒரு மாவுக் கடைக் கணக்கு

கேள்வி | 7 ஜூன் 2025
மும்பை செம்பூரில் டிஃபன் டப்பா சப்ளை பண்றேன், 80 வாடிக்கை. கோடிங் தெரியாது. நோ-கோட் தளம் ஒண்ணுல நானே ஆர்டர் ஆப் செஞ்சு ரெண்டு வருஷமா ஓடுது. இப்போ பார்க்கிறவங்க எல்லாரும் "அதுல ஒரு ஏஐ ஏஜெண்டை மாட்டிவிடு, டோக்கனை (ஆப்புக்குள்ளே போக விடுற சாவி) ஒட்டினா பத்து நிமிஷ வேலை, அப்புறம் கணக்குக்கு ஆளே வேண்டாம்"ங்கிறாங்க. இங்கே யாராவது நிஜமா பண்ணியிருக்கீங்களா? படிச்சதைச் சொல்ல வேண்டாம், பண்ணதைச் சொல்லுங்க.

8 ஜூன் 2025, இரவு 10.15
பண்ணிட்டு இருக்கேன். பத்து நிமிஷம் என்பது உண்மை, எனக்கு எட்டு நிமிஷம்தான் ஆச்சு. ஆளே வேண்டாம் என்பது பொய்.

மாமா தாராவியில் இட்லி மாவு அரைக்கிறார். சைக்கிளில் ஹாரன் அடிச்சுக்கிட்டு இட்லி விற்கப் போறவங்க, சயான், மாட்டுங்கா, கோலிவாடா பக்கத்துச் சின்ன ஓட்டல்கள், மொத்தம் 60 கடை. வாளி 10 கிலோ. நாளைக்கு 95 வாளி, 100 வாளி போகும். முன்னாடி அத்தை ஒரு நீள நோட்டில் எழுதுவாங்க. மூணு வருஷம் முன்னாடி நான் அதை ஒரு நோ-கோட் ஆப்பாக மாற்றினேன். மூணே டேபிள்: கடை, ஆர்டர், வரவு. பையன்கள் போனிலேயே வாளி எண்ணிக்கை போடுவாங்க.

ஏஜெண்ட்னா நம்ம பேச்சைக் கேட்டு, ஆப்பில் தானே தேடி வேலை செய்யும் ஏஐ உதவியாளர். அதை இணைக்க இப்போது இருக்கும் பொது வழி எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்). 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட திறந்த நெறிமுறை, அடுத்த மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் ஆதரவு சொல்லியாச்சு. உள்ளே நடப்பது எளிசுதான். உங்க ஆப் பக்கம் ஒரு சர்வர் "என்னிடம் இந்தக் கருவிகள் இருக்கு: டேபிள்களைக் காட்டு, ரெக்கார்டு தேடு, ரெக்கார்டு மாற்று" என்று பட்டியல் கொடுக்கும். ஏஜெண்ட் உங்க கேள்வியைப் பார்த்து எந்தக் கருவியைக் கூப்பிடணும்னு முடிவு பண்ணும். டேட்டாவை அது மனப்பாடம் பண்ணிக்கிறதில்லை, ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துட்டு வருது.

முதல் நாள் செய்ய வேண்டியது ஒண்ணுதான். டோக்கனுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்க. நான் அப்படித்தான் கொடுத்திருக்கேன்.

8 ஜூன் 2025, இரவு 11.40
மேலே கடைசி வரி தப்பு. இப்போ போய்ப் பார்த்தேன், என் டோக்கனில் எழுதும் அனுமதியும் சேர்ந்தே இருக்கு. உருவாக்கும்போது எல்லாக் கட்டத்தையும் டிக் அடிச்சிருக்கேன். அதை அழிச்சுட்டு புதுசு எடுத்தாச்சு. நீங்களும் ஞாபகத்தை நம்பாம, திறந்து பாருங்க.

இன்னொரு விஷயம். ஏர்டேபிள் மாதிரி நோ-கோட் தளங்களில் டோக்கனின் எல்லை பேஸ் (பல டேபிள் சேர்ந்த ஒரு தொகுப்பு) அளவில்தான், ஒரு டேபிளுக்கு மட்டும்னு குறுக்க முடியாது. கடைக்காரங்க போன் நம்பர் ஆர்டர் இருக்கும் அதே பேஸில் இருந்தால் அதுவும் ஏஜெண்ட் கண்ணுக்குப் படும். திரையில் ஒரு ஃபீல்டை மறைச்சு வைச்சிருக்கோம்ங்கிறது இங்கே செல்லாது. திரை நமக்கு, ஏபிஐக்கு (மற்ற மென்பொருள் டேட்டாவை எடுக்கிற வாசல்) இல்லை. நான் போன் நம்பரை எல்லாம் தனி இடத்துக்கு மாற்றிட்டேன். 2023-ல் வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துக்காக மட்டும் இல்லை. நம்பிக் கொடுத்த நம்பர் அது.

12 ஜூன் 2025
முதல் கேள்வி: "ஜூன் மாதம் நேற்று வரை எத்தனை வாளி போச்சு?"

பதில்: 161.

நேற்று வரை 11 நாள். ஒரு நாளைக்கே 95. மாமா சிரிக்கலை. "இத வச்சா கணக்கு பாக்கப் போற பிள்ள?"ன்னு கேட்டுட்டு கிரைண்டர் பக்கம் போயிட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போச்சு.

காரணம் ரெண்டு மணி நேரத்தில் கிடைச்சது. இந்த ஏபிஐக்கள் மொத்த டேபிளையும் ஒரே தடவையில் தராது. ஒரு பக்கத்துக்கு 100 ரெக்கார்டு, கூடவே "இன்னும் இருக்கு"ன்னு ஒரு சீட்டு. அந்தச் சீட்டைக் காட்டினால் அடுத்த 100. ஏஜெண்ட் முதல் பக்கத்தை எடுத்துக் கூட்டிட்டு, சீட்டைப் பார்க்காமலேயே பதிலைச் சொல்லிடுச்சு. 60 கடை, 11 நாள், 660 வரி. அது பார்த்தது 100. அதையும் எவ்வளவு திடமா சொல்லுது பாருங்க: "மொத்தம் 161 வாளிகள்."

இப்போ ரெண்டு மாற்றம். ஒண்ணு, கூட்டலை ஏஜெண்டிடம் விடுறதில்லை. நாள்வாரி மொத்தத்தை ஆப்பே கூட்டி வைக்குது, ஏஜெண்ட் அந்த 11 வரியைப் படிச்சால் போதும். ஏஜெண்டுக்குள் இருக்கிற மொழி மாடல் நீளமான பட்டியலை மனசுக்குள்ளேயே கூட்டப் போனால் நடுவில் எங்கேயாவது சறுக்கும், அதைக் கூட்டல் வேலைக்கு வைக்காதீங்க. ரெண்டாவது, எந்தப் பதிலுக்கும் கீழே "எத்தனை ரெக்கார்டு படிச்சேன்"னு எழுதச் சொல்லிட்டேன். 660 வர வேண்டிய இடத்தில் 100-ன்னு வந்தால் அத்தையே கண்டுபிடிச்சுடுவாங்க.

சரியான எண்ணிக்கை 1,048. ஆப் திரையில் இருந்த மொத்தத்தோடு ஒத்துப் போச்சு.

15 ஜூன் 2025
ஒத்துப் போச்சுன்னு எழுதினேன் இல்லையா, அது மாத மொத்தம். நேற்று காலை ஒன்பது மணிக்கு "இன்னிக்கு எத்தனை வாளி போச்சு?"ன்னு கேட்டால் 14 என்கிறது. நிஜம் 96.

மறுபடி பக்கக் கோளாறுன்னு நினைச்சேன். இல்லை, கீழே "படித்தது 9 ரெக்கார்டு"ன்னு ஒழுங்கா எழுதியிருக்கு. அதுக்குக் கிடைச்சதே ஒன்பதுதான்.

புரிய வைக்க அந்தக் கடையோட விடியலைச் சொல்லணும். முந்தின நாளே அரிசியும் உளுந்தும் கழுவி ஊற வைச்சது ஏற்கெனவே அரைச்சுப் புளிச்சிருக்கும். இந்த வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் மாவு கையை மீறிப் பொங்கும், அதனால மூணு மணிக்கே மூடியைத் திறந்துடுவாங்க. மூணரைக்கு முதல் சைக்கிள் வரும். வாசலில் ஒரே ஒரு பல்பு. பையன் ஒரு கையால வாளியை நகர்த்திக்கிட்டே மறு கையில் போனைப் பிடிச்சு கட்டைவிரலால் எண்ணிக்கை போடுவான், திரையெல்லாம் மாவுக் கறை. நாலரைக்குள் முக்கால்வாசி வாளி போயிடும். இட்லி விற்கிறவங்க ஏழு மணிக்கெல்லாம் அவங்க தெருவில் ஹாரன் அடிக்கணுமே.

இப்போ கணக்கைப் பாருங்க. ஆப்பின் திரையில் நேரம் நம்ம நேரம். உள்ளே, ஏபிஐ வழியாக வருவது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னாடி. 14 ஜூன் விடிகாலை 3.40-க்குப் போன வாளி, ஏஜெண்ட் பார்க்கும்போது 13 ஜூன் ராத்திரி 10.10. காலை 5.30-க்கு முன்னாடி போனது எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழுந்திருக்கு. பத்து மணிக்குக் கடை திறக்கிற ஒரு துணிக்கடைக்கு இது வருஷக்கணக்கில் தெரியவே தெரியாது. நம்ம வியாபாரம் முழுக்க அந்த இருட்டில்தான் நடக்குது.

அதனாலதான் எந்த நாளும் மாறி மாறி மொத்தம் ஒத்துப் போச்சு. இன்னிக்குக் குறைஞ்சது நேற்றில் ஏறிக்கும். மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும்தான் உதைக்கும்.

16 ஜூன் 2025
மேலே "மொத்தம் ஒத்துப் போச்சு"ன்னு ரெண்டு தடவை எழுதிட்டேன். ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சால், அது சரியா வந்திருக்கவே கூடாது. ஜூன் 1 விடிகாலை வாளிகள் மே 31-க்குப் போயிருக்கணுமே? போய்ப் பார்த்தேன். நாள்வாரி மொத்தம் ஆப்புக்குள் கூட்டப்படுது, அங்கே நம்ம நேரம். அதனால அது சரி. "இன்னிக்கு"ன்னு கேட்டபோது ஏஜெண்ட் அந்த மொத்தத்தைத் தொடாம நேரே ஆர்டர் டேபிளுக்குப் போயிருக்கு, அங்கே யூடிசி. ஒரே கேள்விக்கு ரெண்டு பாதை, ரெண்டு நாள்காட்டி.

தீர்வு சின்னது. "சரக்கு நாள்"னு ஒரு ஃபீல்டு சேர்த்தேன், நேரமில்லாத வெறும் தேதி. ஆர்டர் போடும்போதே ஆப் நிரப்பிடும். ஏஜெண்டுக்கு அதை மட்டும்தான் பார்க்கணும்னு உத்தரவு.

29 ஜூன் 2025
கேள்வி கேட்டவர் எனக்கு எழுதியிருக்கார். அவர் ஆப்புக்கு அடியில் கூகுள் ஷீட் இருக்காம். ஆப்பை விட்டுட்டு ஏஜெண்டை நேரே ஷீட்டில் இணைச்சுட்டாராம், சுலபமா இருந்துச்சாம்.

ஐயா, அதை இன்னிக்கே கழற்றிடுங்க. இந்த இழையில் ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

நோ-கோட் ஆப்பில் நம்ம அறிவு எங்கே இருக்கு? டேட்டாவில் இல்லை. "வாளி எண்ணிக்கை 20-க்கு மேல் போடவிடாதே", "இந்தப் பையனுக்கு அவன் லைன் கடைகள் மட்டும் தெரியட்டும்", "பாக்கி = ஆர்டர் கழித்தல் வரவு" இதெல்லாம் ஆப்பில்தான் எழுதியிருப்போம். ஆப்ஷீட்ங்கிற நோ-கோட் தளத்தில் விர்ச்சுவல் காலம் (column, பத்தி)னு சொல்றாங்களே, அது ஷீட்டில் இருக்கவே இருக்காது, ஆப்பில் மட்டும் கணக்காகும். கிளைடுங்கிற இன்னொரு தளத்திலும் கணக்குப் போடுற பத்திகள் அப்படித்தான், மூலத்துக்கு எழுதப்படாது. யாருக்கு எந்த வரி தெரியணும்ங்கிற வடிகட்டியும் ஆப்பின் வாசலில்தான் நிற்குது. ஷீட் வழியாகப் போறவன் கொல்லைப்புறமா வர்றவன். அவனுக்கு உங்க விதி ஒண்ணும் தெரியாது, பாக்கி என்ன என்பதே அங்கே இருக்காது. ஏஜெண்ட் தானாகவே ஒரு பாக்கியைக் கணக்குப் போட்டுச் சொல்லும், அது அட்வான்ஸை மறந்திருக்கும்.

தளமே கொடுக்கும் ஏபிஐ, இல்லாட்டி தளத்தின் ஆட்டோமேஷன் வழியா மட்டும் போங்க. ஏபிஐயிலும் எல்லா விதியும் அமலாகும்னு நம்பாதீங்க. ஒவ்வொரு விதியையும் ஏஜெண்ட் வழியா மீற முயற்சி பண்ணிப் பாருங்க. நான் சோதனைக்கு மட்டும் எழுதும் அனுமதி உள்ள ஒரு டோக்கனைப் போட்டு, 20-க்கு மேல் வாளி போடச் சொல்லிப் பார்த்தேன், ஏபிஐ 45-ஐக் கேள்வி கேட்காம வாங்கிக்குச்சு. அந்த விதி படிவத்தின் திரையில் மட்டும் இருந்திருக்கு.

29 ஜூன் 2025, சற்று நேரத்தில்
அந்த 45 வாளியை அழிச்சுட்டேன். அத்தை போனில் ஆர்டர் வந்ததாகச் சத்தம் கேட்டு, அரிசி போதுமான்னு பார்க்க எழுந்துட்டாங்க. சோதனைக்குன்னு ஆப்பின் நகல் ஒண்ணு வைச்சுக்கணும். இன்னிக்கே எடுக்கிறேன்.

13 ஜூலை 2025
இதை எழுத ஒரு வாரம் ஆச்சு. மனசு ஆறலை.

ஜூலை முதல் வாரம் ஏஜெண்டுக்கு எழுதும் அனுமதி கொடுத்தேன். மாமா கையில் எப்பவும் மாவு, டைப் பண்ண முடியாது. குரலில் சொன்னால் வரவு ஏறணும், அவ்வளவுதான் ஆசை. நாலு நாள் அருமையா ஓடிச்சு. சனிக்கிழமை காலை மாமா சொன்னார்: "அண்ணாச்சி நாலாயிரத்தைந்நூறு குடுத்தாரு, வரவு வச்சுக்கோ."

எங்க கடை டேபிளில் நாலு அண்ணாச்சி. சயான் அண்ணாச்சி, 90 அடி ரோட்டு அண்ணாச்சி, புது அண்ணாச்சி, அப்புறம் வெறும் "அண்ணாச்சி". மாமா சொன்னது சயான்காரரை. அன்னிக்குக் காலையில் வந்து கொடுத்துட்டுப் போனது அவர்தானே, மாமாவுக்கு வேற யாரு? ஏஜெண்ட் சொல்லைத் தேடிச்சு, எழுத்துக்கு எழுத்து பொருந்தின "அண்ணாச்சி"யைப் பிடிச்சு 4,500 ரூபாயை அங்கே வரவு வைச்சது. அந்த அண்ணாச்சி எங்க முதல் வாடிக்கை. 2021-லேயே கடையை மூடிட்டு ஊருக்குப் போயிட்டார். அவர் பெயரை அழிக்க மாமாவுக்கு மனசு வரலை, அதனால டேபிளில் இருக்கார்.

அன்னிக்குச் சாயங்காலம் வழக்கமான பாக்கி நினைவூட்டல் சயான் அண்ணாச்சிக்குப் போச்சு. அது ஏஜெண்ட் இல்லை, ரெண்டு வருஷமா இருக்கிற ஆட்டோமேஷன். ஞாயிறு மத்தியானம் அவர் நேரிலேயே வந்துட்டார். செருப்பைக் கூடக் கழற்றாம வாசலில் நின்னு, "என்ன வே, நான் குடுத்த ரூவாய எங்க போட்டீரு? இருவது வருசப் பழக்கத்துல மெசேஜ் போட்டுக் கேக்கீரு?" மாமா ஒண்ணும் பேசலை. உள்ளே போய் அத்தையோட பழைய நோட்டை எடுத்துட்டு வந்து, அவர் முன்னாடியே பேனாவால் எழுதினார்: "சயான் அண்ணாச்சி 4500 வரவு." அதுக்கப்புறம்தான் அவர் உட்கார்ந்து டீ குடிச்சார்.

நான் அங்கேயே நின்னேன். அந்த நோட்டைப் பயன்படுத்த வேண்டியதில்லைன்னு மூணு வருஷம் முன்னாடி சொன்னவள் நான்.

14 ஜூலை 2025
என்ன மாற்றினேன்:

பொதுவான "ரெக்கார்டு மாற்று" கருவியை எடுத்தாச்சு. ஏஜெண்டிடம் இப்போ மூணு கருவிதான்: கடை தேடு, பாக்கி பார், வரவு வரைவு. மூணாவது நேரே வரவு டேபிளைத் தொடாது. "வரைவு"ன்னு தனி டேபிளில் ஒரு வரி போடும். கடைப் பெயர், தெரு, இப்போதைய பாக்கி, தொகை, மாமா சொன்ன சொல் அப்படியே, எல்லாம் ஒரே திரையில் வரும். மாமா "சரி"ன்னு அழுத்தினால்தான் தளத்தின் ஆட்டோமேஷன் அதை வரவுக்கு நகர்த்தும்.

வரைவுக் கருவி கடையின் பெயரை ஏற்காது, ரெக்கார்டு ஐடியை (ஒவ்வொரு வரிக்கும் தளம் கொடுக்கிற தனி அடையாள எண்) மட்டும்தான் ஏற்கும். ஆகவே ஏஜெண்ட் முதலில் தேடியே ஆகணும், ரெண்டு பேர் கிடைச்சால் தேடும் கருவி ஐடியைத் தராது, கேட்டே ஆகணும். "கேள்"னு உத்தரவில் எழுதி வைக்கிறது போதாது. கேட்காம மேலே போக வழியில்லாதபடி செய்யணும்.

இதைக் கோடிங் இல்லாம பண்ணலாம். ஆட்டோமேஷனில் ஒரு வெப்ஹுக் (வெளியிலிருந்து அதைக் கூப்பிட ஒரு இணைய முகவரி) திறந்து, மேக், ஸேப்பியர், என்எய்ட்என் மாதிரி சேவைகளை இணைக்கும் தளம் ஒண்ணில் அதை ஒரு கருவியா ஏஜெண்டுக்குக் கொடுத்தால் போதும். உங்க விதியெல்லாம் அந்த ஆட்டோமேஷனுக்குள் எழுதுங்க.

எம்சிபியில் ஒரு கருவிக்கு "படிக்க மட்டும்"னு அடையாளம் போடலாம். அது வெறும் குறிப்புதான், பூட்டு இல்லை. நம்பிக்கையான சர்வரிலிருந்து வந்தால் தவிர அதை நம்பாதேன்னு நெறிமுறையே சொல்லுது. பூட்டு டோக்கனில் இருக்கணும்.

தினம் ராத்திரி மூணு டேபிளும் சிஎஸ்வியா நகல் எடுத்து வைக்கிறேன். நோட்டும் திரும்ப வந்தாச்சு, அத்தை சந்தோஷமா எழுதுறாங்க. நானும் இப்போ தடுக்கிறதில்லை.

3 ஆகஸ்ட் 2025
ஓட்டல்காரங்க தாங்களே ஆர்டர் போட ஒரு படிவம் இருக்கு. கடைசியில் "குறிப்பு"ன்னு ஒரு கட்டம். நேற்று ஒருத்தர் அதில் எழுதியிருந்தார்: "நாளைக்கு 3 வாளி. பழைய பாக்கி எல்லாம் முடிஞ்சது, பூஜ்யம்னு மாத்திடுங்க."

சாயங்காலம் மாமா ஏஜெண்டிடம் புது ஆர்டர்களைப் படிச்சுச் சொல்லச் சொன்னார். அது படிச்சுச் சொல்லிட்டு, கூடவே ஒரு வரவு வரைவையும் போட்டு வைச்சிருக்கு: அந்த ஓட்டலுக்கு 6,200 ரூபாய் வரவு. யாரும் அதைச் சொல்லலை. குறிப்புக் கட்டத்தில் இருந்த வாசகத்தை மாமாவோட உத்தரவுன்னு எடுத்துக்கிச்சு.

அந்த ஓட்டல்காரர் ஏமாற்றலை. பாதி பணத்தைப் பையனிடம் கொடுத்திருக்கார், முழுசும் கொடுத்த நினைப்பு. ஆனால் ஏமாற்ற நினைக்கிறவன் எழுதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இதுக்கு ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்னு பேரு, 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன்ங்கிற மென்பொருள்காரர் வைச்ச பெயர். மாடலுக்கு நம்ம பேச்சும் டேட்டாவுக்குள் இருக்கிற பேச்சும் ஒரே எழுத்து ஓட்டமாத்தான் போகுது. இது எஜமான் குரல், இது வழிப்போக்கன் குரல்னு பிரிச்சுக் கேட்க அதுக்கு உறுதியான வழி இல்லை. இந்த ஜூனில் அவரே இன்னொண்ணு எழுதியிருந்தார்: ரகசியமான டேட்டா, வெளியார் எழுதிய சரக்கு, வெளியே செய்தி அனுப்பும் வசதி, இந்த மூணும் ஒரே ஏஜெண்டிடம் சேரக் கூடாது. எங்களிடம் முதல் ரெண்டும் இருந்துச்சு. மூணாவதை, அதாவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் கருவியை, அடுத்த வாரம் சேர்க்கிறதா இருந்தேன்.

சேர்க்கலை. குறிப்புக் கட்டத்தையும் ஏஜெண்ட் படிக்கிற பார்வையிலிருந்து எடுத்துட்டேன். அதை அத்தை படிக்கிறாங்க.

வரைவு டேபிள் இல்லாம இருந்திருந்தால் 6,200 போயிருக்கும். ஜூலையில் பட்ட அவமானம் ஆகஸ்டில் காப்பாத்திச்சு.

20 ஆகஸ்ட் 2025
ரெண்டு நாளா கொட்டித் தீர்த்த மழை உங்களுக்கும் தெரியும். நேற்று ஹார்பர் ரயில் நின்னுபோச்சு, கோலிவாடா பக்கம் முழங்கால் தண்ணி. அரைச்ச மாவில் பாதிக்கு மேல் போகலை. மாமா அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சும்மா கொடுத்துட்டார், அன்னிக்கு அந்தச் சந்தில் எல்லார் வீட்டிலேயும் ஊத்தப்பம்.

இன்னிக்கு ஏஜெண்டைக் கேட்டால்: "18, 19 தேதிகளில் 34 கடைகள் ஆர்டர் குறைத்துள்ளன. வாடிக்கையாளர் இழப்பு இருக்கலாம்."

கடைகள் குறைக்கலை, நாங்கதான் போகலை. ஆர்டர் இருக்கு, "போச்சு"ங்கிற டிக் இல்லை. இங்கே ஒரு நுணுக்கம். ஏர்டேபிளின் ஆவணத்தில் தெளிவா எழுதியிருக்கு: காலியான ஃபீல்டுகள் பதிலில் வராது, டிக் அடிக்காத கட்டமும் அதில் சேர்த்தி. "போச்சு: இல்லை"ன்னு வராது, "போச்சு" என்ற ஃபீல்டே அந்த ரெக்கார்டில் இருக்காது. நாங்க இருக்கிற தளத்திலும் அதே பழக்கம். திரையில் காலிக் கட்டம் நம்மைப் பார்த்து முறைக்கும். ஏஜெண்டுக்கு அங்கே ஒண்ணுமே இல்லை.

டிக்கை எடுத்துட்டு "நிலை"ன்னு ஒரு ஃபீல்டு வைச்சேன். நாலில் ஒண்ணு கட்டாயம்: போச்சு, போகலை, கடை வேண்டாம்னுச்சு, தெரியலை. பையன்களுக்கு ஒரு தட்டு கூடுதல். முணுமுணுத்தாங்க. மழையைக் காரணம் காட்டினதும் ஒத்துக்கிட்டாங்க.

28 ஆகஸ்ட் 2025
கணபதிக்கு நேற்று 131 வாளி. எல்லாம் "போச்சு". வேறொண்ணும் இல்லை, சொல்லணும்னு தோணுச்சு.

7 செப்டம்பர் 2025
கேட்டவர் மறுபடி: "இவ்வளவு பாடுன்னா எதுக்கு வைச்சிருக்கீங்க?"

நியாயம்தான். வைச்சிருக்கேன், எடுக்க மாட்டேன். மாமா வாழ்க்கையில் முதல் தடவையா தன் வியாபாரத்தை மத்தவங்க துணையில்லாம கேட்டுத் தெரிஞ்சுக்கிறார். திரையில் வடிகட்டி போட, வரிசைப்படுத்த அவருக்கு வராது. என்னைக் கேட்கக் கூச்சம், நான் அந்தேரியில் வேலை முடிஞ்சு வர்றப்போ ஒன்பது ஆகும். இப்போ மாவைக் கிளறிக்கிட்டே, "மாட்டுங்கா பக்கம் யாரு ரெண்டு மாசமா வாளிய குறைச்சுக்கிட்டே வாராங்க?"ன்னு கேட்கிறார். பதில் வருது. அப்படிக் கேட்டுத்தான் ஒரு ஓட்டல் வேற இடத்தில் மாவு வாங்க ஆரம்பிச்சதைக் கண்டுபிடிச்சு, நேரில் போய்ப் பேசி, மாவு கொஞ்சம் கெட்டியா வேணும்ங்கிற விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வந்தார். எந்த டேபிளிலும் "கெட்டி" இல்லை. ஆனா போய்ப் பேசத் தூண்டினது அந்தப் பதில்தான்.

14 செப்டம்பர் 2025
ரெண்டு ஞாயிறு மாமாவையும் அத்தையையும் உட்கார வைச்சு ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அர்த்தம் எழுதினேன். ஏஜெண்டுக்குக் கொடுக்கிற அகராதி. இதைத்தான் முதல் நாளே பண்ணியிருக்கணும்னு இப்போ தோணுது. ஜூன் 8-ல் "முதல் நாள் செய்ய வேண்டியது ஒண்ணுதான்"னு எழுதினேன், ரெண்டுன்னு திருத்திக்கோங்க.

"புளி"ன்னு ஒரு டிக் இருக்கு. மாவு அதிகமாப் புளிச்சுப் போயிருந்தால் மறுநாள் ஒரு வாளி இலவசம், அதுக்கான அடையாளம். ஏஜெண்ட் போன மாதம் "புளி 7 முறை விற்பனையாகியுள்ளது"ன்னு சொல்லியிருந்துச்சு. அத்தை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

வாளி -1 என்றால் ஆர்டர் ரத்து இல்லை, காலி வாளி திரும்பி வந்திருக்கு. வரவில் 0 என்றால் கேட்டோம், கொடுக்கலை. காலி என்றால் கேட்கவே இல்லை. வாரக் கணக்குக் கடைகளுக்குக் காலிதான் இயல்பு, தினக் கணக்குக் கடைக்குக் காலி வந்தால் விசாரிக்கணும். வரவு டேபிளில் "பார்ப்போம்"னு ஒரு பழைய சொல் 2023 வரிகளில் கிடக்கு. அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். மாமா, "அது நான் அத்தைகிட்ட சொல்லுறது, எழுதிட்டாளா?" அத்தை, "சொன்னீங்க, எழுதினேன்."

மொத்தம் 31 ஃபீல்டு. அதில் 11-க்கு எனக்கே தப்பான அர்த்தம்தான் தெரிஞ்சிருக்கு, ஆப்பைச் செஞ்சவள் நான். அந்த அகராதியைக் கொடுத்த மறுநாளிலிருந்து பதில்கள் மாறிப் போச்சு. மாடலை மாற்றலை, பணம் கூடுதலாக் கட்டலை.

21 செப்டம்பர் 2025
ஞாயிறு ராத்திரி. பாக்கி நினைவூட்டல்களை இப்போ பழைய ஆட்டோமேஷன் தானா அனுப்புறதில்லை. ஏஜெண்ட் ஒவ்வொரு கடைக்கும் ஒரு செய்தி எழுதி வரைவில் போடும், மாமா பார்த்து அனுப்புவார். இன்னிக்கு மூணை அடிச்சார். மூணும் பெரிய பாக்கி, கணக்குப்படி முதலில் கேட்க வேண்டியவை.

ஏன்னு கேட்டேன். ஒருத்தர் அம்மா சயான் ஆஸ்பத்திரியில் இருக்காங்க. இன்னொருத்தர் மகளுக்கு ஊரில் கல்யாணம், நாலு நாளில் கிளம்புறார். மூணாவதுக்கு மாமா காரணம் சொல்லலை.

"ஒரு ஃபீல்டு சேர்த்துடலாம் மாமா, 'இப்போ கேட்க வேண்டாம்'னு. அப்புறம் அதுவே விட்டுடும்."

"வேண்டாம் பிள்ள. அடுத்தவன் வீட்டு விசயத்த டேபிள்ல எழுதி வைக்காத. பையனுவ பாப்பானுவ. நான் அடிச்சுக்கிடுதேன்."

சேர்க்கலை. வரைவில் பதினொண்ணு இருந்துச்சு, எட்டு போச்சு.